வெளுக்கப் போட்ட திரை

எட்டு மணி நேரம் உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காததைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுடைய வேலை. மீன் பெட்டிகளை அடுக்கி வைக்கும் குளிர்பதனக் கிடங்கு அது. எட்டு அறைகள். அறைக்கு ஒரு கேமரா, அறைகளை ஒட்டி ஓடும் நீளமான நடைவழிக்கு ஒரு கேமரா. ஒன்பது படமும் மேல்மாடியில் கண்காணிப்பு அறைச் சுவரில் தொங்கும் ஒரே பெரிய பிளாஸ்மா டீவியில், மூன்று வரிசையாக ஒன்பது கட்டத்தில் தெரியும். பெட்டிகள் அசையாது. ஆள் உள்ளே போனால் விளக்கைப் போடுவான். அந்த அறையின் கட்டம் வெளிச்சமாகும். வெளியே வந்தால் அணைப்பான், கட்டம் இருட்டாகும். நாள் முழுக்க நடக்கிற கூத்து அவ்வளவுதான்.

அசையாத படம் பிளாஸ்மா டீவிக்கு ஆகாது. ஒரே படம் ஒரே இடத்தில் நின்றால் திரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரை மணி நின்றால், படத்தை எடுத்த பிறகும் அந்த இடத்தில் மங்கலாக மினுக்கிக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் நின்றால் ஒட்டியே போகும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் போகாது. கிடங்கில் எல்லோரும் அதைக் கறை என்றார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பழைய திரையில் கறைமேல் கறை ஏறி, இன்றைய பெட்டி எது, போன வருஷத்துப் பெட்டி எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் ஒருநாள் ஐந்தாம் அறையில் நின்ற ஆளை 'வெளிய வாடா' என்று மைக்கில் கால் மணி நேரம் திட்டியிருக்கிறான். அங்கே ஆளே இல்லை. முந்தின வாரம் சாத்தி வைத்த ஏணியின் கறை அது.

அந்தத் திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கிருந்தோ பழசாக இரண்டு டீவி வாங்கி வந்தார்கள். ஒன்று அவளுக்கு, ஒன்று வாசல் கேட் அறைக்கு. "இந்த ரகம் இப்ப யாரும் செய்யறதில்ல. இதையும் கெடுத்தீங்கன்னா சுவத்தப் பாத்துட்டு உக்கார வேண்டியதுதான்" என்றார் மேனேஜர். மற்றவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படம் ஒரு புள்ளி அளவு நகரும்படி வைத்தாள். தினமும் மதியம், எல்லோரும் சாப்பிடப் போய் அறைகள் காலியாக இருக்கும் நேரத்தில், ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்துவாள். கேமராப் படம் மறைந்து திரை கறுக்கும். ஒரு வெள்ளைப் பட்டை இடமிருந்து வலமாகத் துடைத்துக்கொண்டே போகும். முடிந்ததும் மறுபடி இடத்திலிருந்து கிளம்பும். பதினைந்து நிமிடம். அதற்குப் பெயர் வெளுக்கப் போடுவது. புதுக் கறை அதில் போய்விடும். பழைய கறை அப்படியே கிடக்கும். ஆறு வருஷத்தில் எந்தக் கறை எத்தனை நிமிடத்தில் போகும் என்பது அவளுக்கு மனப்பாடம். வேறு எதிலும் அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை.

அன்றைக்கு மாதத்தின் முதல் நாள். மாதம் பிறந்தால் இரண்டு டீவியையும் இடம் மாற்றுவது அவள் போட்ட சட்டம். கேட் அறையிலும் இதே ஒன்பது கட்டம்தான் ஓடும், ஆனால் அங்கே வெளுக்கப் போட நாதி கிடையாது. அதனால் அதை மேலே கொண்டுவந்து ஒரு மாதம் வைத்தியம் பார்ப்பாள். நன்றாக இருப்பது கீழே போகும். தூக்கிவர அவளுடைய அக்கா புருஷனைத்தான் கூப்பிடுவாள். அவன் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். வாய் ஓயாது பேசுவதால் அவனுக்குத் தம்பட்டம் என்று பெயர். அவளுக்கு அத்தான்.

"ஏம்மா, கல்யாணம் ஆகி பதினோரு வருஷம் ஆச்சு, உங்கக்கா ஒரு நாள் எனக்கு முதுகு தேச்சு விட்டதில்ல. நீ என்னடான்னா தினம் டீவியைக் குளிப்பாட்டுற" என்று படியேறும்போதே ஆரம்பித்தான்.

"டீவி எதுத்துப் பேசாது அத்தான்."

"அதுவும் சரிதான். கேட்காரர் என்ன பண்ணி வச்சிருக்கார் பாரு. எதோ வாந்தி எடுத்த மாதிரி இருக்கு."

உண்மைதான். போன மாதம் இரண்டு நாள் கிடங்கு மூடியிருந்தபோது யாரோ ஏதோ ஓர் அறையில் விளக்கை அணைக்காமல் போயிருந்தார்கள். கேட்காரர் பதிவேட்டில், 'ஓர் அறையில் விளக்கு எரிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். எந்த அறை என்று எழுதவில்லை. அந்த இரண்டு நாளும் திரையில் ஊறியிருக்கிறது. அவளுக்கு ஆத்திரமாக வந்தது. இருவருமாகத் தூக்கிச் சுவரில் மாட்டினார்கள். கழற்றிய டீவியைத் தம்பட்டம் கீழே கொண்டுபோய்க் கேட் அறைச் சுவரில் சாய்த்து வைத்தான். மாட்டுகிற ஆணி வளைந்திருந்ததால், கிடங்கு மெக்கானிக் மத்தியானம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். அதுவரை கேட் அறையில் படம் ஓடாது.

பதினொன்றே காலுக்குக் கொஞ்சம் முன்னால், மேனேஜர் கீழே சத்தம் போடுவது கேட்டது. "ரெண்டுலயும் ஏழுலயும் உடைஞ்ச பெட்டி எத்தனைன்னு எண்ணிட்டு வா." தம்பட்டம் எதையோ பாடிக்கொண்டே குளிருக்கான பஞ்சு கோட்டை மாட்டினான். எந்த அறைக்குப் போகிறோம் என்று வாசல் பலகையில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரும் எழுதுவதில்லை. அவனும் எழுதவில்லை.

மேலே அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோடுகள் நன்றாக ஒட்டிவிட்டன. கேமரா எண்கள் ஒட்டிவிட்டன. ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தது. ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தாள். விளக்கு ஊறிய கறை மட்டும் படம் ஓடும்போது தெரியாது, திரை கறுத்தால்தான் தெரியும்; அதை மதியத்துக்கு விட்டுவைத்தாள். வெளிச்சத்தைக் குறைத்தாள், மறுபடி குறைத்தாள். கறையைத்தான் பார்த்தாளே தவிர, அதன்மேல் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்க்கவில்லை.

ஸ்டூலை விட்டு இறங்கியபோதுதான் திரை மூலையில் தெரிந்த நேரத்தைக் கவனித்தாள். திரையில் பதினொன்று இருபது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்திரண்டு. நொடி ஓடவில்லை. படங்களைச் சேர்த்து அனுப்பும் ரெக்கார்டர் பெட்டி நின்றுபோயிருக்கிறது. பெட்டிகள் எப்போதும் அசையாததால், படம் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் முதலில் ஒரு தடவை படத்தைப் பார்த்திருப்பார்கள். அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, 'இருபத்திரண்டு நிமிஷம் நின்ன படம், ஒட்டிக்குமே' என்பதுதான். ரெக்கார்டரை அணைத்துப் போட்டாள். அதன் வயிற்றுக்குள் டிக் டிக் என்று ஏதோ அடித்துக்கொண்டது, படம் வரவில்லை. திரை கறுத்தது. கறுப்பில் ஒன்பது கட்டமும் பேய் மாதிரி மினுக்கியது. பார்த்த மாத்திரத்தில் கை தானாக ரிமோட்டுக்குப் போய் வெளுக்கப் போட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட வாக்கி டாக்கியை எடுத்தாள்.

அவர் பதில் சொல்வதற்குள் கீழே சங்கு ஊதியது.

மதியச் சங்கு நீளமாக ஒருமுறை ஊதும். இது விட்டு விட்டு ஊதியது. அமோனியா. ஜன்னலைத் திறந்தவள் மூக்கில் ஊசி குத்தியது மாதிரி இழுத்துச் சாத்தினாள். நடைவழிக் கூரையில் அந்தக் குளிர்பதன வாயு ஓடுகிற குழாய் எங்கேயோ விரிசல் விட்டுவிட்டது. யாரோ மெயின் ஸ்விட்சை இறக்க, கிடங்கு முழுக்க விளக்கு அணைந்தது. கண்காணிப்பு அறைக்கும் சங்குக்கும் மட்டும் தனி பேட்டரி. சுவரில் வெள்ளைப் பட்டை துடைத்துக்கொண்டே இருந்தது.

அவள் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். எல்லோரும் காற்றடிக்கும் பக்கமாக மதிலோரம் நின்றார்கள். பேக்கிங் பெண்கள் கையுறையோடு நின்றார்கள். அவர்களில் அக்காவும் ஒருத்தி. மேனேஜர் தலையை எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"இருபத்திமூணு இருக்கணும். இருபத்திரெண்டுதான் இருக்கு. யாருப்பா இல்ல?"

ஒருவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கூட்டத்தில் சத்தமே இல்லை என்பதிலேயே யார் இல்லை என்று தெரிந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரர் எங்க?" என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் கேட்டாள், கடைக்குப் போனவனைக் கேட்பது மாதிரி. பிறகு அவள் முகம் மாறியது.

மேனேஜர் வாக்கியில் கத்திப் பார்த்தார். அந்த அறைகளின் சுவர் முழங்கை நீளக் கனம். உள்ளே போனால் வாக்கி வெறும் கட்டை. ஒருவன் கட்டடத்தைச் சுற்றி ஓடிச் சுவரில் இரும்புக் கம்பியால் அடித்துப் பார்த்தான். உள்ளிருந்து எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டுக்கும் ஏழுக்கும்தான் அனுப்பினேன்" என்றார் மேனேஜர். "ஒரு ரூம் எண்ணவே முக்கால் மணி ஆகும். போயி முக்கால் மணி ஆகல. முதல்ல எதுல நுழைஞ்சானோ அதுலதான் இருக்கணும்."

மெக்கானிக் முகமூடிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தொந்தி வைத்தவர், யாரிடமும் சிரிக்காதவர். இரண்டு சிலிண்டரில் ஒன்றின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

"ஒண்ணுதான் இருக்கு" என்றார். "பதினஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்கான். பயந்தவன் மூச்சு விட்டா பத்து. கதவு நடுவுல இருக்கு. ரெண்டு இடது கோடிப் பக்கம், ஏழு வலது கோடிப் பக்கம். இருட்டு, புகை, தடவித் தடவித்தான் போகணும். ஒரு பக்கம் போய்த் தேடி ஆளத் தூக்கிட்டு வரலாம். ரெண்டு பக்கமும் போக முடியாது. எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"ஃபயர் சர்வீஸ்?"

"அரை மணி ஆகும்னாங்க."

"உள்ள கதவச் சாத்திட்டு இருந்தா தாங்குவான்ல?"

"கதவு ரப்பர் எல்லாம் போய் எத்தனை நாளாச்சு? நான் சொல்லலையா?" என்றார் மெக்கானிக். மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கேமராவுல எந்த ரூம்ல லைட் எரிஞ்சுது?"

"ரெக்கார்டர் போயிடுச்சு சார்."

"சரி, போறதுக்கு முன்னாடி? கடைசியா எது எரிஞ்சுது?"

ஒரு மணி நேரம் அந்தத் திரைக்கு முன்னால் நின்றிருக்கிறாள். மஞ்சள் தட்டிய ஓரம் எது என்று கேட்டால் சொல்வாள். கேமரா எண்களில் எது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் சொல்வாள். எந்த அறையில் விளக்கு எரிந்தது என்று தெரியாது.

"நீ பாத்துட்டுதானேடி இருந்த?" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படம் இருபத்திரண்டு நிமிடம் நின்றிருக்கிறது. விளக்கு எரிந்த அறையின் வெளிச்சக் கட்டமும் அதோடு நின்றிருக்கிறது. அத்தான் எந்த அறையில் இருக்கிறான் என்பது திரையில் ஒட்டியிருக்கிறது. அதை இந்த நிமிடம் வரை வெள்ளைப் பட்டை துடைத்துக்கொண்டிருக்கிறது.

அவள் எப்படிப் படியேறினாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நிமிடம் வெளுத்திருக்கிறது. அவள் பின்னாலேயே மேனேஜரும் அக்காவும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

"கதவ மூடுங்க. ஜன்னல்ல அந்தச் சாக்கைத் தொங்க விடுங்க. வெளிச்சம் ஆகாது."

அறை இருண்டது. கறுத்த திரைக்கு முன்னால் இரண்டு கையையும் கண்ணுக்குக் குவித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கோடுகள் வந்தன. பிறகு, பால் சிந்தித் துடைத்த மேசை மாதிரி, மேல் வரிசை நடுவில் ஒரு வெளிறல். இரண்டாம் அறை.

"ரெண்டு" என்றார் மேனேஜர், அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. வாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இருங்க சார்."

கீழ் வரிசை இடது மூலையிலும் ஒரு வெளிறல் இருந்தது. ஏழாம் அறை. இரண்டும் ஒரே அளவு. கண்ணைச் சுருக்கினால் இது அதிகமாகத் தெரிந்தது, அகல விரித்தால் அது.

"ரெண்டு ரூம்லயும் லைட் எரிஞ்சுதா?"

"இல்ல. ஒண்ணு இன்னிக்கு. இன்னொண்ணு போன மாசம் கேட்காரர் எழுதின லைட். ரெண்டு நாள் எரிஞ்சு ஊறினது. எந்த ரூம்னு அவர் எழுதல. இந்த டீவி இன்னிக்குக் காலைலதான் மேல வந்துச்சு, அதனால எனக்குத் தெரியாது."

"அவரயே கேளு."

கேட்காரரை வாக்கியில் கேட்டார்கள். முதலில் 'ஏழுன்னு நினைக்கிறேன்' என்றார். 'நிச்சயமா?' என்றதும் 'ரெண்டாக்கூட இருக்கலாம் சார்' என்றார். அவர் குரல் அழுதது.

கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. "எந்தப் பக்கம்? சொல்லுங்கப்பா, அங்க என்ன படமா பாக்கறீங்க?"

அவளுக்கு வழி தெரிந்தது. ஒன்பது நிமிடம் வெளுத்தும் இரண்டும் மிச்சம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வெளுத்தால் ஒன்று போகும், ஒன்று நிற்கும். போவதுதான் இன்றையது, அங்கேதான் அவன். ஆனால் இந்த டீவியின் நாடி அவளுக்குத் தெரியாது. அவளுடைய டீவியாக இருந்தால் நிமிடக் கணக்குச் சொல்லிவிடுவாள். இது கேட் அறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. கொஞ்சம் கூடிப்போனால் இரண்டும் போய்விடும். எது முதலில் போனது என்று பார்க்கவும் வழியில்லை; பட்டை ஓடும்போது அதன் வெளிச்சத்தில் கறை கண்ணில் படாது. நிறுத்தினால்தான் தெரியும்.

"அண்ணே" என்றாள் வாக்கியில். "மாஸ்க்கை மாட்டிட்டு கதவுகிட்ட போய் நில்லுங்க. காத்தத் திறக்காதீங்க. மூணு நிமிஷத்துல சொல்றேன்."

"மூணா?"

"மூணு."

"சொல்லிட்டு அப்புறம் மாத்தக் கூடாது. நடுவுல போயிட்டேன்னா வாக்கி கேக்காது."

"மாத்த மாட்டேன்."

அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. "ஏய், இருக்கறதும் போயிடும். பேசாம ரெண்டுன்னு சொல்லு. பாதிக்குப் பாதி."

"உள்ள இருக்கறது உங்க தம்பியா இருந்தா பாதிக்குப் பாதின்னு சொல்வீங்களா?"

பொத்தானை அழுத்தினாள். வெள்ளைப் பட்டை இடது ஓரத்திலிருந்து கிளம்பியது. அக்கா பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அழிக்காதடி! அவர் இருக்கற ரூம் இதுல தெரியுதுன்னு நீதான சொன்ன? அத ஏன்டி அழிக்கற?"

"அக்கா, கைய விடு."

"நிறுத்துடி!"

"அழிஞ்சாதான் தெரியும். விடு."

அக்கா விடவில்லை. நகம் மணிக்கட்டில் இறங்கியது. அவள் ரிமோட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். பட்டை வலது ஓரத்துக்குப் போய் மறைந்து, இடது ஓரத்தில் மறுபடி முளைத்தது. அது போகும்போதெல்லாம் மூன்று பேர் முகமும் ஒருமுறை வெளுத்து அணைந்தது. மேனேஜர் உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறாரா, வேண்டிக்கொள்கிறாரா தெரியவில்லை. சங்கு இன்னும் விட்டு விட்டு ஊதிக்கொண்டிருந்தது. யாராவது அதை நிறுத்தினால் தேவலாம் என்று இருந்தது.

இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்திப் பார்த்தாள். கண்ணுக்குள் பட்டையின் வெளிச்சமே நீந்தியது. கண்ணை மூடி, பத்து எண்ணி, திறந்தாள். மேலே இருக்கிறது. கீழேயும் இருக்கிறது. இரண்டும் மெலிந்திருக்கின்றன. எது அதிகம் மெலிந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

"என்ன?" என்றார் மேனேஜர்.

"இன்னும் ஒரு நிமிஷம்."

"வேண்டாம்மா."

அக்கா இப்போது கையை விட்டுவிட்டாள். சுவரோரம் சரிந்து தரையில் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல், தன் கையுறையை விரல் விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒரு நிமிடத்தில் அவள் அத்தானை நினைக்கவில்லை. கறையைத்தான் நினைத்தாள். இரண்டு நாள் ஊறிய கறை ஓரத்திலிருந்து போகாது, மொத்தமாக நிற்கும். அரை மணிக் கறை ஓரத்திலிருந்து உதிரும், நடு கடைசியாகப் போகும். ஓரத்தைப் பார்க்க வேண்டும். நடுவைப் பார்த்து ஏமாறக் கூடாது.

நிறுத்தினாள். கண்ணை மூடிப் பத்து எண்ணினாள். பத்து போதாது என்று இருபது வரைக்கும் எண்ணினாள். கீழே மெக்கானிக் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தாள்.

ஏழாம் கட்டத்தின் நான்கு ஓரமும் ஸ்கேல் வைத்துக் கிழித்தது மாதிரி நேராக நின்றது. இரண்டாம் கட்டத்தில் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடுபனி மட்டும் இருந்தது. ஓரம் இல்லை.

"ரெண்டு" என்றாள் வாக்கியில். "அண்ணே, ரெண்டு. இடது பக்கம்."

"ரெண்டு" என்றது வாக்கி. கதவு திறக்கும் சத்தம், காற்றுச் சீறும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

மேனேஜர் முதலிலேயே ரெண்டு என்றுதான் சொன்னார். அதை இப்போது அவர் சொல்லிக் காட்டவில்லை. நாளைக்குச் சொல்வார். தவறாக இருந்தால் இன்றைக்கே சொல்வார்.

மூவரும் முற்றத்துக்கு இறங்கினார்கள். கதவிலிருந்து இருபது அடி தள்ளி, ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். ஸ்ட்ரெச்சர் என்பது பெட்டி தூக்கும் பலகை. நேரம் போயிற்று. ஐந்து நிமிடம். ஏழு. ஒன்பது ஆனபோது அவள் ஒரு கணக்குப் போட்டாள்: அவர் இடது கோடிக்குப் போய், அறையைத் தடவி, ஆள் இல்லை என்று தெரிந்து, இப்போது திரும்புகிறார். அந்தக் கணக்கை அழித்தாள். அது மறுபடி வந்தது. பதினொன்று ஆனபோது கதவுக்குள்ளிருந்து எதுவோ உரசியது.

மெக்கானிக் முதுகைக் காட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் ஒரு பஞ்சு கோட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கோட்டுக்குள் ஆள் இருந்தான். நால்வரும் ஓடிப் பிடித்தார்கள். மெக்கானிக் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

"விளக்கு அணைஞ்சதும் ஓடப் பாத்திருக்கான்" என்றார், மூச்சு வந்த பிறகு. "அடுக்கு சரிஞ்சு காலு மாட்டிக்கிச்சு. ரெண்டு பெட்டிய நகத்த வேண்டியதாயிடுச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் ஆயிருந்தா நானும் அங்கதான்."

தம்பட்டத்தின் கண் இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. உதடு நீலம். இடது பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. யாரோ கண்ணில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து அவன் இருமினான். இருமல் நிற்காமல் வந்தது. பேசவில்லை.

"மூச்சு இருக்கு" என்றார் மேனேஜர், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு அவள் முதுகில் தட்டினார். "நீ இல்லன்னா இன்னிக்கு ஆளு போயிருப்பான்மா."

கூட்டத்தில் சிலர் அவளைப் பார்த்தார்கள். பேக்கிங் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அந்தக் கையை உதற வேண்டும் போல இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. பலகையோடு அவனை ஏற்றினார்கள். அக்கா வண்டியின் படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ பண்ணினத நான் மறக்க மாட்டேன்டி" என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

அதை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றிருந்தால் முடிந்துபோயிருக்கும். யாரும் கேட்கப்போவதில்லை. ரிமோட்டில் எந்த நேரத்தில் எதை அழுத்தினாள் என்பதற்கு எந்த நோட்டிலும் பதிவு கிடையாது.

"அக்கா, முதல்ல ஒன்பது நிமிஷம் நான்தான் அழிச்சேன்."

"என்னது?"

"படம் நின்னு போச்சுன்னு தெரிஞ்சதும் கறை ஒட்டிக்குமேன்னு வெளுக்கப் போட்டுட்டேன். அத்தான் எங்கன்னு பாக்கல. போடாம இருந்திருந்தா ரெண்டாம் கட்டம் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும். சங்கு ஊதினதுமே சொல்லியிருப்பேன். அவர் கண்ணு இந்த அளவுக்கு ஆகியிருக்காது."

அக்கா அவளையே பார்த்தாள். வண்டிக்குள் தம்பட்டம் இருமிக்கொண்டிருந்தான். ஓட்டுநர் ஹாரனை ஒருமுறை தட்டினார்.

"ஒரு மணி நேரம் அந்த டீவி முன்னாடி நின்னியே" என்றாள் அக்கா. "ஒரு தடவ கூடவா படத்தப் பாக்கல?"

"இல்ல."

அக்கா உள்ளே ஏறிப் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி அவன் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தாள். வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்துகிறவன் கைப்பிடியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

"ஏறுறீங்களா, இல்லையா?"

அவள் ஏறினாள். அக்கா தலை நிமிராமலே இன்னொரு பாட்டிலை அவள் பக்கம் நீட்டினாள். அத்தானின் இடது கண்ணை அவள் பார்த்துக்கொண்டாள்.